ஏறிக்கிறியா என்று கேட்ட வண்டி

ஒட்டகம் என்ற பெயரை அக்கா முதன்முதலில் கேட்டது கடைத் தொலைபேசியில். ஒரு கையில் பசை டப்பா, மறு கையில் ஒற்றை ஷூ. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு நின்றாள்.

“ஒட்டகத்தோட அக்காங்களா?”

“இது ஷூ தைக்கிற கடைங்க. ஆடு மாடு சமாச்சாரமெல்லாம் இங்க இல்ல.”

“அய்யோ, பட்டாளத்துல இருக்கானேம்மா, நெட்டையா, கழுத்தை முன்னால நீட்டிக்கிட்டு நடப்பானே. அவன் உங்க தம்பிதானே?”

அவள் ஷூவைக் கீழே வைத்தாள். நடை அவன் நடைதான். பெற்றவர்கள் அவனுக்குத் தாத்தா பெயரை வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கும் அவனுக்கும் பதினோரு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. தலை வாரிவிட்டதும், அடித்ததும், அடித்துவிட்டு அழுததும் அக்காதான். அப்பாவுக்குப் பிறகு கடையும் அவள் கைக்கே வந்தது.

பேசியவர் பட்டாளத்து வண்டிக்காரர். விஷயத்தை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். பட்டாளத்துக்குள்ளேயே பொறுக்கியெடுத்த ஒரு படை இருக்கிறது. அதில் சேரப் பத்து வாரப் பயிற்சி. கடைசி நாள் முப்பது கிலோ மூட்டையோடு அறுபது கிலோமீட்டர் நடை, பதினாலு மணி நேரத்துக்குள். நடப்பவர்களுக்குப் பின்னாலேயே ஒரு வண்டி ஊர்ந்து வரும். கதவு திறந்திருக்கும், உள்ளே சூடாக டீ இருக்கும். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொருவனிடமும் “ஏறிக்கிறியா?” என்று கேட்பது வண்டிக்காரர் வேலை. ஏறினால் போச்சு. ஏற வேண்டாம், வண்டியின்மேல் கை பட்டாலே போச்சு. ஆயுசுக்கு இரண்டு வாய்ப்புதான். ஒட்டகம் போன வருஷம் நாற்பத்தோராவது கிலோமீட்டரில் ஏறிவிட்டான்.

“தெரியும்ங்க. முட்டி வலின்னு சொன்னான்.”

“முட்டி இல்லம்மா, பாதம். வண்டியில பூட்ஸைக் கழட்டினப்போ தோலும் கூடவே வந்துருச்சு. புது சோல். எவன்டா போட்டதுன்னு கேட்டேன், வாயே தொறக்கல. ஏறினவன் வீட்டு விலாசம் எழுதணும், அதுல உங்க கடை பேரு இருந்துச்சு. அடுத்த மாசம் மறுபடி வரான். கோவிச்சுக்காதீங்க, அந்த பூட்ஸ்ல கை வெச்சிராதீங்க. நான் பேசினேன்னும் சொல்லிராதீங்க.”

போனை வைத்த பிறகு அவளுக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. அவன் கிளம்புவதற்கு முதல் நாள் அவள்தான் ஆசை ஆசையாகப் புது சோல் போட்டு, இரட்டைத் தையல் தைத்து, விரல் பருமனுக்குக் கெட்டியாக்கி அனுப்பினாள். புது சோலோடு பயணம் போகாதீங்க, ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே நடங்க என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்கிறவள், தம்பி விஷயத்தில் கோட்டை விட்டிருந்தாள்.

பத்து நாள் லீவில் அவன் வந்து மூட்டையை இறக்கியதும் இறக்காததுமாகக் கேட்டாள்.

“முட்டி எப்படிடா இருக்கு?”

“பரவால்லக்கா.”

“எந்த முட்டி?”

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு இடது முட்டியைத் தொட்டான். போன வருஷம் வலது முட்டி.

“பொய் சொல்லத் துப்பில்ல, உன்னையெல்லாம் பட்டாளத்துல எப்படிடா எடுத்தாங்க?” என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அடித்த இடத்தையே தடவினாள். “என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“சொன்னா நீ சாப்பிட மாட்ட. அத்தான் என்னைத் திட்டுவாரு.”

அத்தான், அதாவது அக்கா புருஷன், தபால்காரர். அவர் அன்று மாலையே ஒரு யோசனை சொன்னார். “நான் தினம் பதினஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேன். பூட்ஸை என்கிட்ட குடு மச்சான், பத்து நாள்ல பஞ்சு மாதிரி பழக்கித் தரேன்.”

“உங்களுது வாத்துக் காலு. அது வாத்துக்குத்தான் பழகும். சும்மா இருங்க” என்றாள் அக்கா.

அவளோ பூட்ஸைத் தொடவே பயந்தாள். இரண்டு நாள் அது அலமாரிக்கு அடியில் கிடந்தது. மூன்றாம் நாள் அவனே எடுத்து வந்து அவள் மடியில் வைத்தான்.

“நீ தொடாம வேற யாரு தொடுவா? வேற கடைக்குப் போனா ஊரு சிரிக்கும்.”

“மறுபடியும் ஏதாவது ஆயிட்டா?”

“ஆகாம பண்ணு.”

சோலை அவள் மாற்றவில்லை. பூட்ஸைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு அவன் காலில் மாட்டிவிட்டாள். கடையில் இருந்த இரும்புக் கால் அச்சுகளைப் பையில் போட்டு முதுகில் ஏற்றினாள். தைத்து முடித்த ஷூக்களை வீடு வீடாகக் கொடுத்து வருவது அந்த வாரம் அவன் வேலை ஆயிற்று. வாடிக்கைக்காரர்கள் மூட்டையைப் பார்த்து, எந்த ஊருக்குப் பயணம் என்று கேட்டார்கள். சாயங்காலம் அவன் பாதத்தைத் தன் மடியில் வைத்துப் பார்ப்பாள். எங்கே சிவந்திருக்கிறதோ, பூட்ஸின் உள்ளே அதே இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, வெங்காயத் தோல் கனத்துக்குத் தோலைச் சீவி எடுப்பாள். வெளியே குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லிக் கை துடித்தது, அடக்கிக்கொண்டாள். “என் கடை மானத்தை வாங்குறதுக்குன்னே போட்டுட்டுப் போற மாதிரி இருக்கு” என்று மட்டும் சொன்னாள். கடைசி நாள் சாயங்காலம் தேடித் தேடிப் பார்த்தாள். பாதத்தில் ஒரு சிவப்பும் இல்லை.

போனவனிடமிருந்து பத்து வாரம் ஒரு தகவலும் கிடையாது. அங்கே அதுதான் சட்டம். குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு நின்றது, எட்டுப் பேராக மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது, உட்கார்ந்தபடியே தூங்கி உட்கார்ந்தபடியே திட்டு வாங்கியது எல்லாம் பிற்பாடு துணுக்குத் துணுக்காக அவன் சொன்னவை. நூற்றுப் பதினெட்டுப் பேராகத் தொடங்கினார்கள். கடைசி நடைக்கு நின்றவர்கள் முப்பத்துநாலு பேர்.

அந்த நடையில் நடந்ததை வண்டிக்காரர் பல வருஷம் மூடி வைத்திருந்து, ஓய்வு பெற்ற பிறகு ஒட்டகத்தின் கல்யாணப் பந்தியில் அக்காவிடம் சொன்னார்.

நாற்பத்தோராவது கிலோமீட்டரில் “ஏறிக்கிறியா?” என்று கேட்டபோது, “இல்லண்ணே” என்று சிரித்துக்கொண்டே போனானாம். கால் சொன்னபடி கேட்டது. வயிறுதான் ஏமாற்றியது. வெயில் ஏறியதும் குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாகப் போக ஆரம்பித்தது. ஐம்பத்துநாலாவது கிலோமீட்டர் ஏற்றத்தில் கண் இருண்டு தள்ளாடினான். பக்கத்தில் வண்டி. பிடிமானத்துக்காக அவன் கை தன்னை அறியாமல் திறந்த கதவை நோக்கி நீண்டது. வண்டிக்காரர் பக்கத்தில் நோட்டோடு அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

வண்டிக்காரர் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தார். வண்டி இரண்டு முழம் முன்னால் குதித்தது. ஒட்டகத்தின் கைக்குக் காற்றுதான் கிடைத்தது. மூட்டையோடு முட்டி போட்டு விழுந்தான்.

“என்னய்யா வண்டி ஓட்டுற?” என்றார் அதிகாரி.

“கிளச் சரியில்ல சார். போன மாசமே எழுதிக் குடுத்தேன்.”

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கேளு” என்றார். விழுந்தவனிடம் கேட்டே ஆக வேண்டும்.

“ஏறிக்கிறியா?”

ஒட்டகம் தரையைப் பார்த்தபடி மூச்சு வாங்கினான்.

“டீயில சக்கரை போட்டிருக்கீங்களா அண்ணே?”

“ரெண்டு கரண்டி.”

“அப்ப வேணாம்.”

ஒரு கையை ஊன்றி, ஒரு காலை ஊன்றி, மூட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க எழுந்தான். மீதி ஆறு கிலோமீட்டரை அவன் நடந்தான் என்று சொல்ல முடியாது, விழாமல் இருந்தான். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது ஒன்பது நிமிஷம் மிச்சம் இருந்தது.

அன்று இருட்டும்வரை அக்கா கடையைச் சாத்தவில்லை. தபால்காரர் உடுப்பைக்கூட மாற்றாமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது.

“அக்கா.”

“காலு எப்படிடா இருக்கு?”

“காலு நல்லாருக்கு. மத்ததெல்லாம்தான் போச்சு.”

“டேய், விளையாடாத. என்னடா ஆச்சு?”

“எடுத்துக்கிட்டாங்கக்கா.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தபால்காரர் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டினார். “விடும்மா, போனா போகுது. எங்க ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு, நான் சொல்லி வைக்கிறேன்.”

“அவன் பாஸ் பண்ணிட்டான்ங்க!”

“அப்புறம் ஏன்டி அழற? என் உசுரே போயிருச்சு!”

போனுக்குள் ஒட்டகம் சிரிப்பது வெளியே கேட்டது. அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். மூன்றரை மாதமாகத் தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்த சாப்பாடு அன்றைக்கு இறங்கியது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இது நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஒட்டகம் இன்னும் அந்தப் படையில்தான் இருக்கிறான். முகாமுக்கு வெளியே, மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீட்டில், மனைவியோடும் இரண்டு பெண்களோடும் குடியிருக்கிறான்.