ஏழு 'சரிங்க'

எங்கள் பக்கத்துச் சின்ன விமான நிலையத்தைப் பெரிதாக்கியபோது ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. என்னையும் கேட்டார்கள்.

என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே ஓர் இட்டேரி இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டுவண்டி போகிற அகலத்தில் மண்பாதை. கால் மணி நேர நடை. என் மனைவி இறந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு, அது அக்காவின் அடுப்பு. பொழுது சாயும்போது தூக்குப்போசியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு வருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். எனக்குத் தறி, அவளுக்கு எருமைகள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் குடிபோக வழியில்லை.

ஓடுபாதையை நீட்டினால் இட்டேரி விமான நிலையச் சுவருக்குள் போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள்.

"அத ஒட்டின வெள்ளாமக் காடு உம்பேர்ல இருக்குது. நீதான் சொல்லோணும்" என்றாள் அக்கா. "நீளமா ஒண்ணும் வேண்டாஞ் சாமி. இட்டேரிய மட்டும் உட்ருங்கன்னு சொல்லு, போதும்."

தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால், அன்று முழுக்க அதையே உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். அக்காவும் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சேலத்திலிருந்து வந்திருந்த அதிகாரி என்னை ஐயா என்று அழைத்து, நாற்காலி போடச் சொன்னார். வரைபடத்தை விரித்து, சுவர் எங்கே வரும், மாற்றுப் பாதை எது என்று பொறுமையாக விளக்கினார். நான் 'சரிங்க, சரிங்க' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவன் என்பார்கள். காது கொடுத்துக் கேட்கிறேன் என்பதுதான் அதற்குப் பொருள். நம் பேச்சு அதற்கப்புறம்தான் தொடங்கும்.

அவர் முடித்ததும் தாளில் ஏதோ எழுதினார். "ரொம்ப நன்றிங்க ஐயா" என்று பேனாவை நீட்டினார். பின்னால் வரிசை நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்தேன். மாற்றுப் பாதைக்குச் சம்மதம் என்று எழுதியிருந்ததாம்.

திரும்பும்போது இட்டேரியில் அக்கா கேட்டாள். "நீ எத்தன சரிங்க சொன்னேன்னு தெரியுமா?"

"தெரியலீங்க்கா."

"நான் எண்ணுனேன். ஏழு." சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு மனுக் கொடுத்துப் பார்த்தேன். உங்கள் ஒப்புதல் இருக்கிறதே என்றார்கள். டீக்கடையில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. "ஏனுங்க சரிங்க! ரன்வேய உங்க ஊட்டுக்குள்ளயே உட்டுக்கலாமான்னு கேக்கறாங்க!"

சுவர் எழும்பியது. இப்போது அக்கா வீட்டுக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். கொஞ்ச நாள் தூக்குப்போசியோடு பஸ்ஸில் வந்தாள். ஒரு நாள் இறங்கும்போது முழங்கால் மடங்கி விழுந்தாள். குழம்பெல்லாம் ரோட்டில். அதற்குப் பிறகு அவளால் வர முடியவில்லை. நானே பொங்கித் தின்கிறேன். ஒரே விமானம் எங்கள் இரண்டு வீட்டின் மேலும் பறந்து போகிறது.

சாயங்காலம் போன் செய்வாள். போன வாரம், "நாயித்துக்கெழம சோத்துக்கு வா சாமி" என்றாள்.

"சரிங்க்கா" என்றேன்.

அவள் பக்கம் எருமை கத்துவது கேட்டது.

"அந்தச் சரிங்க வேண்டாஞ் சாமி" என்றாள். "வாரயா, வரலயா? அதச் சொல்லு."