கடலுக்கு மூன்று பஸ்

“ஊரு பாக்கப் போறதுக்கு நாம என்ன காரு வச்சிருக்கிற ஆளுங்களா? சோத்தக் கட்டித் தூக்கிக்கிட்டு, பஸ்ஸுக்கு நின்னு, கடல் பாக்கப் போறாளாம் கடலு. அண்ணி மொதல்ல பஸ்ஸுல கால வைக்கட்டும், அப்பறம் பாப்பம்.”

சொன்னவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டு வாசலில் மாட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். அடுத்த வீட்டு அத்தைக்கும் அது கேட்டது. அவள் விடுவாளா?

“என்னா வேண்டுதல்டி?” என்றாள்.

“வேண்டுதல் ஒண்ணும் இல்ல அத்த. சும்மா பாக்கத்தான்.”

“சும்மாவா?” அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். “சும்மா பாக்க கடல்ல என்ன இருக்கு? தண்ணி. அது நம்ம கெணத்துலயும் இருக்கு.”

“அது உப்புத்தண்ணியாம், குடிக்கக்கூட ஆவாதாம்” என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஆண்டிமடத்துப் பக்கம் எங்கள் தெருவில் பஸ் ஏறுவதற்கு மூன்றே காரணங்கள் உண்டு. எழவு, ஆஸ்பத்திரி, சிறுவாச்சூர் காளிக்கு நேர்ந்துகொண்டது. நடவும் களையும் முந்திரி பொறுக்குவதுமாகப் பிழைக்கிற வீடுகளில் நான்காவதாக ஒரு காரணத்தை யாரும் யோசித்ததில்லை. அம்மாவோ அந்த மூன்றுக்கும்கூட பஸ் ஏறுவதில்லை. அப்பா இறந்த நாளிலிருந்து அவள் நடந்துதான் போனாள். ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணம் என்றால் கோழி கூவுவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். பஸ்ஸில் போனவர்கள் பந்தியில் உட்காரும்போது இவள் புழுதிக் காலோடு வந்து சேருவாள். கேட்டால், “பஸ்ஸு நாத்தம் எனக்குக் கொமட்டுது” என்பாள். அதை எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

எங்கள் குடும்பத்தில் பஸ்ஸின் நெற்றிப் பலகையைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஜெயங்கொண்டத்தில் விடுதியில் தங்கிப் படித்து, தட்டச்சுத் தேறி, பெரம்பலூரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என்னோடு அறையில் தங்கியிருந்தவளுக்குப் பொறையாறு சொந்த ஊர். ஒரு முறை அவளோடு போனபோது பக்கத்தில் இருக்கிற தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனாள். அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். அவள் காலை நனைத்து விளையாடினாள். நான் கரையிலேயே நின்றேன். படித்ததால் அம்மாவுக்குத் தெரியாத எத்தனையோ எனக்குத் தெரிந்திருக்கிறது, அதற்கெல்லாம் வருந்தியதில்லை. ஆனால் கடலைப் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். மூன்று பஸ் மாறினால் போதும். அதைக்கூட அவள் பார்க்காமல் போய்விடுவாளோ என்ற எண்ணம் வந்ததும் எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வரும்வரை இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று திரும்பினேன்.

மாசி மாதம் என்று முடிவு செய்தேன். தையில் அறுப்பு முடிந்திருக்கும், பங்குனியில் முந்திரி விழத் தொடங்கும். இடைப்பட்ட நாட்களில் மட்டும்தான் அம்மாவை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வெயிலும் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கும். விருத்தாசலத்திலிருந்து வருகிற பஸ் ஆண்டிமடத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு ஜெயங்கொண்டம், அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போகும். அங்கே இறங்கி மாயவரம் பஸ். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி. நேரங்களைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்களைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தேன். எந்த பஸ் சொன்ன நேரத்துக்கு வரும், எது வழியில் நின்று டீ குடித்துவிட்டு வரும் என்பதுவரை கேட்டேன். முதல் பஸ்ஸில் பெண்கள் இருக்கை இடப்பக்கம், காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அதனால் சன்னலில் கட்ட ஒரு துண்டு. சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, மறுநாள்வரை தாங்கும். படுக்கப் பொறையாற்றில் தோழியின் வீடு. “ஒங்கம்மாவுக்கு மீன் கொழம்பு வைக்கச் சொல்லிட்டேன், வராம இருந்தா எங்கம்மா என்னத்தான் திட்டும்” என்று அவள் ஏற்கனவே சொல்லியிருந்தாள்.

தங்கும் செலவு இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை, பஸ் கட்டணம் மட்டும்தான். கார் வைத்திருக்கிறவர்கள்கூட இவ்வளவு சீராகத் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு பெருமை. ஏறவேண்டியவள் ஏறுவாளா என்பது ஒன்றுதான் என் கையில் இல்லை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அம்மா விதைக் கடலைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உடைத்தபடி வழியைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் ஊம் கொட்டிக்கொண்டு கேட்டாள். கொமட்டினால் வாயில் போட நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துக்கொள்ளலாம் என்றேன், அதற்கும் தலையாட்டினாள். இந்தத் தடவை வந்துவிடுவாள் என்று தோன்றியது. உற்சாகத்தில் சொன்னேன்:

“கங்கைகொண்ட சோழபுரத்துல நாம எறங்கக்கூட வேணாம்மா. பஸ்ஸுல ஒக்காந்தபடியே கோபுரம் தெரியும். காசு இல்லாம பாத்துக்கலாம்.”

அம்மாவின் கை நின்றுவிட்டது.

“அந்த வழியாவா போவுது?”

“வேற எந்த வழியா போவும்?”

அவள் மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். எழுந்தவள் எங்கும் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கோபுரம் தெரியும்னு நீ சொல்றியே. அது தெரியறப்பதான்டி ஒங்கப்பா தல என் தோள்ல சாஞ்சுது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்பா தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு இறந்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். விடுதிக்கு ஆள் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவரை வீட்டுக்குள்ளே கிடத்தியிருந்தார்கள்.

“இனிமே ஒண்ணும் இல்ல, கூட்டிக்கிட்டுப் போம்மான்னு டாக்டரு சொல்லிட்டாரு. கும்மோணத்துல பஸ்ஸு மாத்துனேன். அணைக்கர தாண்டறவரைக்கும் பேசிக்கிட்டுதான் வந்தாரு. ஒன்னப் பத்திதான். அப்பறம் பேச்சக் காணோம். சாஞ்சாரு. தொட்டுப் பாத்தேன், தெரிஞ்சிபோச்சு.”

“அம்மா...”

“கத்துனா எறக்கி விட்டுருவாங்க. பொணத்த பஸ்ஸுல ஏத்தமாட்டாங்கல்ல. முந்தானைய எடுத்து அவரு மூஞ்சில வெயிலு படாம மறைக்கிற மாதிரி போட்டேன். கண்டக்டரு வந்து, என்னம்மா ஒடம்பு சரியில்லயான்னாரு. தூங்குறாருங்கன்னேன். அவரு குனிஞ்சி பாத்தாரு. ஒண்ணும் சொல்லாம போயிட்டாரு. நம்ம ஸ்டாப்பு வந்ததும் அவரேதான் ஒரு பக்கம் புடிச்சாரு. ‘அசந்து தூங்குறாரு, பாத்து எறக்குங்கப்பா’ன்னு மத்தவங்ககிட்டச் சொன்னாரு. கீழ ஒன் சித்தப்பன் வண்டி கட்டிக்கிட்டு நின்னான். அவனுக்குத் தொட்டதும் தெரிஞ்சிபோச்சு.”

“ஏம்மா சொல்லல?”

“எப்புடிச் சொல்றது? வெளிய செத்த ஒடம்ப ஊருக்குள்ள விடுவாங்களா? புளியமரத்தடியில போட்டு அப்புடியே தூக்கிட்டுப் போயிருப்பாங்க. அது அவரு மண்ணு மிதிச்சிக் கட்டுன வூடுடி. ஒரு பொழுதாவது உள்ள கெடக்கட்டும்னு நெனச்சேன்.”

எங்கள் ஊரில் அது இன்றும் வழக்கம்தான். ஊர் எல்லைக்கு வெளியே உயிர் விட்டவரை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அம்மா அந்தக் கட்டுப்பாட்டை மீறிவிட்டு, மீறியதை மறைத்து, சித்தப்பாவையும் மறைக்க வைத்திருந்தாள். இத்தனை வருடமும் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அது தன்னால்தான் என்று நினைத்திருக்கிறாள். அதைவிட அவளை அரித்தது வேறொன்று. உயிர் போன இடத்தில் பால் ஊற்ற வேண்டும். வீட்டில் இறந்ததாகச் சொல்லிவிட்டதால் எல்லாம் வீட்டிலேயே நடந்தது. அந்த ரோட்டில் யாரும் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

“அந்தப் பக்கம் போனா, எனக்கு என்னா வச்சிருக்கேன்னு கேப்பாருல்ல” என்றாள்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், வேறு வழி தேடினேன்.

“அப்புடின்னா பஸ்ஸே வேணாம்மா. செந்துறைக்கு நடந்துபோயி ரயிலு ஏறிக்கலாம். திருச்சி போயிட்டா அங்கேருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலு இருக்கு. அங்கயும் கடல்தான். அந்த ரோடு கண்ணுலயே படாது.”

“ராமேஸ்வரத்துக்கா? அங்க கருமாதிக்குல்ல போவாங்க.” அம்மா மறுபடியும் உட்கார்ந்தாள். ஒரு மல்லாட்டையை எடுத்து உடைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். “சுத்திச் சுத்திப் போனது போதும். கடலுக்குக் கருமத்தக் கொண்டுபோயிக் கொட்ட வேணாம். செய்ய வேண்டியத அந்த ரோட்டுலயே செஞ்சி முடிச்சிட்டு, கடலுக்கு நீ சொன்ன மாதிரி சும்மா போவம்.”

“அப்ப வரியா?”

“அந்த எடம் வரைக்கும் வரேன். மேல வரதும் வராததும் அங்க எறங்குன பெறவுதான் சொல்ல முடியும். வரலன்னா என்ன இழுக்கக் கூடாது.”

இழுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் விடியற்காலையில் பெரம்பலூர் கிளம்பியபோது சித்தப்பா வண்டியில் என்னை ஸ்டாப்பில் கொண்டுவந்து விட்டார். பஸ் வந்த பிறகு, “அண்ணி சொல்லிடுச்சா?” என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். அந்த ரோட்டில் இறங்கப் போவதையும் சொன்னேன். “அண்ணிய ரோட்டு வெயில்ல நிக்க வைக்காத. எங்க நெழலு இருக்குன்னு பாத்துக்க” என்றார்.

என் திட்டத்தில் முதல் பஸ் இப்போது இரண்டாக உடைந்துவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கினால் அடுத்த கும்பகோணம் பஸ் வரும்வரை அம்மா எங்கே உட்காருவாள், அது தவறினால் மாயவரத்தில் என்ன ஆகும், அவள் மேலே வர மாட்டேன் என்றால் திரும்ப எந்த பஸ் என்று எல்லாவற்றையும் மறுபடியும் விசாரிக்க வேண்டியிருந்தது. இந்த முறை கண்டக்டர்களிடம் கேட்பதோடு நிறுத்த மனம் வரவில்லை.

போன சனிக்கிழமை நான் மட்டும் அங்கே போய் இறங்கினேன். கோபுரம் கண்ணில் படத் தொடங்குகிற இடம்வரை ரோட்டோரமாக அணைக்கரைப் பக்கம் நடந்து பார்த்தேன். ஒரு பக்கம் அறுத்த வயல், ஒரு பக்கம் வேப்பமரம். மரத்தடியில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அங்கிருந்து திரும்பி வந்து ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில் இருந்த அம்மாளிடம், காலையில் பால் எப்போது வரும் என்று கேட்டேன்.

“மொத பஸ்ஸுக்கு முன்னாடியே வந்துரும். ஒனக்கு டீ போடவா?”

“டீ வேணாங்க. காய்ச்சாத பாலு கொஞ்சம் வேணும். மாசி மொத வெள்ளிக்கெழம.”

“கொழந்தைக்கா?”

“எங்கப்பாவுக்கு.”

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். “எடுத்து வைக்கிறேன், வா” என்றாள். முன்பணம் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றாள். கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன்.