பேரு வெட்டின போசி

ஏஜன்ட் மூலியமா வேலைக்குப் போறவனுக்கு முதலாளி ரெண்டு பேரு, வேலை மட்டும் அரை ஆளுக்குத்தானுங்க. என்னையாட்டம் மரத்தடியில நின்னு பழகினவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிக்காதவங்க சிரிச்சுக்கலாம். நானும் அன்னைக்குச் சிரிச்சவன்தான்.

சோறில்லாம வராதே

எமர்ஜென்சிக்கு முந்தின வருசம். கஞ்சிக்கோட்டுல இரும்புக் கம்பி இழுக்கற கம்பெனி ஒண்ணு. அங்க ஆரு லீவு போட்டாலும் அந்த எடத்துக்கு ஆளனுப்பறது ஏஜன்ட் பொன்னுச்சாமியண்ணன், அனுப்பற ஆளோட கூலியில ஒரு பங்கு அவருக்கு. கேட்டுக்கு எதுக்க இருக்கற புளியமரந்தான் அவரு ஆபீசு. மேசை, நாற்காலி எல்லாமே கக்கத்துல இருக்கற குடைதான். மொத நாள் எலப்புள்ளியிலிருந்து விடியக்காலம் நடந்து போய் நின்னேன், வெறுங்கையோட. வேலை கெடைச்சா மத்தியானத்தை அப்பப் பாத்துக்கலாம்னு நெனப்பு. அண்ணன் என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. ஒரு இருமல், ஒரு செருமல், அப்புறந்தான் அவருக்குப் பேச்சே வரும்.

"சோறில்லாம வர்றவன் மத்தியானம் ஊட்டுக்கு ஓடீருவான் கண்ணு. நாளைக்குப் போசியோட வா."

நல்ல கிட்டன்

மறுநாள் தூக்குப்போசியில சோத்தைக் கட்டிக்கிட்டுப் போனேன். எங்க கண்ணாலத்துக்கு மாமனார் ஊட்டுல குடுத்தது. ஆறுச்சாமின்னு எம்பேரை அதுல வெட்டியிருக்கும். கம்பெனிக்குள்ள அந்தப் பேருக்கு வேலையில்லீங்க. அன்னைக்கு லீவு போட்டவன் பேரு எதுவோ, அதுதான் எம்பேரு. திங்கக்கெழமை வர்க்கீஸு, செவ்வாக்கெழமை கிட்டன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. வர்க்கீஸைக் கூப்பிட்டா மூக்கால 'ஆஜர்'ம்பேன். கிட்டனைக் கூப்பிட்டா, நேத்துக் குடிச்ச கள்ளு இன்னும் எறங்காதவனாட்டம் ஒரு இழுவை. லைன்ல நிக்கறவனெல்லாம் குலுங்குவான்.

ஒருநாள் கிட்டனோட மிசின்ல, ரெண்டாள் சுத்த வேண்டிய கம்பிய நான் ஒருத்தனே சுத்தி வெச்சேன். சூப்பர்வைசர் எல்லாத்தையும் கண்டுங் காணாம இருக்கறவரு. அன்னைக்குத் தோள்ல தட்டினாரு.

"கிட்டனைவிட நீதான்டா நல்ல கிட்டன்."

நல்ல மாடு

அடுத்த மாசம் மூணு பேரை ஸ்திரமாக்கப் போறோம், உங்க ஏஜன்ட்டுகிட்டப் பேரு கேட்டிருக்கோம்னு சூப்பர்வைசரே வந்து சொன்னாரு. ஸ்திரம்னா பெர்மனன்ட்டு. எனக்குக் கால் தரையில நிக்கலை. ஊட்டுக்குப் போனதும் எம்பொண்டாட்டி சரசாகிட்ட, ஆயிப்போச்சுன்னே சொல்லிப்போட்டேன். ஆகப்போறதைத்தானே சொல்றோம், நாலு நாள் முந்திச் சொன்னா என்ன? அவ அன்னைக்கே பெருமாட்டியில இருக்கற அவங்கப்பனுக்கு ஆளுவிட்டுச் சொல்லீட்டா.

லிஸ்ட்டு வந்துச்சு. மிசினுக்குப் பின்னால தூங்கறவன், மணிக்கு நாலு பீடி பிடிக்கறவன், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் வர்றவன், அந்த மூணு பேரும் உள்ள போயிட்டானுக. நான் மரத்தடியில. வராம இருந்த நாளுண்டா, எதுத்துப் பேசினதுண்டா, உங்களுக்கு நான் என்னத்துல கொறை வெச்சேன்னு அண்ணனைக் கேட்டேன். எத்தனையோ பேரு கொரல்ல பேசினவன், அன்னைக்கு எங்கொரல் எனக்கே தெரியலீங்க. அண்ணன் இருமினாரு, செருமினாரு, பாசமாத்தான் சிரிச்சாரு.

"சொத்தைய எல்லாம் அவனுக தலையில கட்டீட்டேன். நல்ல மாட்ட ஆராச்சும் சந்தைக்கு ஓட்டுவாங்களா கண்ணு?"

கழுவின போசி

ஆரும் லீவு போடாத நாள்ல, காலையில எட்டு மணிக்கே மரத்தடியில உக்காந்து மத்தியானச் சோத்தைத் தின்னுருவேன். நெறஞ்ச போசியோட ஊட்டுக்குப் போக முடியாதில்லீங்க, சரசாவுக்கு நான் பெர்மனன்ட்டாச்சே. பொறகு வாய்க்கால்ல எறங்கி, மணலும் தேங்காநாரும் போட்டுப் போசியத் தேச்சுக் கழுவி, சாயங்காலம் சங்கு ஊதற வரைக்கும் கரையில உக்காந்திருப்பேன். மொதல்ல கொஞ்ச நாள் காக்காய்களுக்கு சூப்பர்வைசர் மாதிரி பேசிக் காட்டினேன். அப்புறம் அதுவும் நின்னு போச்சு.

அஞ்சு மாசம் இப்படியே ஓடுச்சு. ஒருநாள் சாயங்காலம் சரசா போசிய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. வேலை இருந்த நாள்ல மூடியில கிரீசும் உள்ள காஞ்ச பருக்கையுமாத்தான் அது வரும். வேலை இல்லாத நாள்ல பளபளன்னு வரும். எனக்கு அது ஒருநாளும் தோணலை. அவ சண்டை போடலை, அழுகலை. அடுப்புல வெறகைத் தள்ளிக்கிட்டே சொன்னா.

"ஏனுங்க, போசி மினுங்கற நாள்ல ஊட்டுக்கே வந்துருங்க. சோத்தச் சூடாத் திங்கலாம். எங்கப்பன்கிட்ட நான் மூச்சு உடமாட்டேன்."

இதுவரைக்கும் பத்துப் பேரு பேருல நல்லா வேலை செஞ்சிருக்கறேனுங்க, எம்பேரு எழுதியிருக்கற ஒரே எடம் இன்னைக்கும் அந்தப் போசிதான்.