தாயைவிட மூத்த பிள்ளை

கல்லுக்கு வயிறு கிடையாது. பதினோரு வயதில், சூரியநெல்லியில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளின் குழாயடியில் நின்று இதைச் சொன்னேன். திமிர் பிடித்தவள் என்றார்கள். இன்று அந்த மாதிரிக் கற்களை மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. திமிர் குறையவில்லை.

எஸ்டேட் ரோட்டை அகலப்படுத்திய வருஷம் அது. மலையை வெட்டும் வேலையில் இருந்த என் தாய்மாமா ஒருநாள் ஜீப்பில் ஒரு கறுப்புக் கல்லைப் போட்டுக்கொண்டு வந்தார். பலாப்பழம் அளவு. ஒரு பக்கம் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில், கன்னங்கரிய கல்லுக்குள், கைமுட்டி அளவில் ஒரு வெள்ளைக் கல் ரோஜா நிற வரிகளோடு சுருண்டு படுத்ததுபோல இருந்தது.

“ஏ, எல்லாரும் வந்து பாருங்க, கல்லு மாசமா இருக்கு!” என்றார் மாமா.

கேலிக்குத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தோம், சித்தியின் மாமியாரைத் தவிர.

சித்தி அம்மாவின் தங்கை. அதே லயத்தில் பக்கத்து வீட்டில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. சித்திரைக்குள் ஒன்றும் தங்கவில்லையென்றால் போடியிலிருந்து மகனுக்கு வேறு பெண் கொண்டுவரப்போவதாக மாமியார் ஊரறியச் சொல்லிவிட்டார். சித்தப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார்.

மாசமான கல்லைக் கும்பிட்டால் பிள்ளை தங்கும் என்றார் மாமியார். மறுநாளே கல் குழாயடிக்கு வந்தது, மஞ்சள் பூசிக்கொண்டது. வெள்ளிக்கிழமைதோறும் விடியலில் சித்தி தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடு கல்லைச் சுற்றி வந்து, வேலைக்கு மணி அடிக்கும்வரை அதன் முன்னால் உட்கார வேண்டும். மார்கழியில் எங்கள் மலையில் குழாய்த் தண்ணீரைக் கையால் தொடவே யோசிப்போம். மாமா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பூசாரியாகிவிட்டார். தேங்காய் மூடிகள் வரத் தொடங்கிய பிறகு அந்த யோசனையும் நின்றுவிட்டது.

சித்திக்கு நெஞ்சில் சளி கட்டியது. இரவெல்லாம் அவள் இருமுவது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது. மாமியார் விடவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பூமிக்கடியில் பாறை உருகி, குழம்பாக மேலேறி வந்து ஆறும் என்று எங்கள் புத்தகத்தில் நாலு வரி இருந்தது. பள்ளிவிட்டு வரும்போது மாமா கல்லெடுத்த வெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறப் பாறையைப் பிளந்துகொண்டு, கறுப்புப் பாறை ஒரு சுவர்போல மேலேறிப் போனது. அதற்குள் வெள்ளைத் துண்டுகள் நிறைய. பல துண்டுகள் கூரான மூலைகளோடு இருந்தன. பிள்ளைக்கு ஏது மூலை? ஒரு துண்டு இரண்டாகப் பிளந்து, நடுவில் கறுப்பு புகுந்திருந்தது. சேர்த்து வைத்தால் இரண்டு பாதியும் பொருந்திவிடும். எனக்குப் புரிந்துவிட்டது. வீடுவரைக்கும் ஓடினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தி தலையில் தண்ணீர் ஊற்றி முடித்ததும், அவளுக்கும் கல்லுக்கும் நடுவில் போய் நின்றேன்.

“ஆச்சி, இது கல்லோட புள்ள இல்ல. கடலமிட்டாய்ல பாகா கடலயப் பெத்துச்சு? கடல முந்தி, பாகு பிந்தி. கறுப்பு சூடாக் கொழம்பா ஏறி வாரப்ப இந்த வெள்ளக் கல்லப் பேத்துட்டு வந்துருக்கு, இது கறுப்ப விட மூத்தது.”

“வயித்துப் புள்ள ஆத்தாளுக்கு மூத்ததாம்!” என்று மாமியார் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா என் காதைத் திருகினாள். “நீ என்ன எனக்கு ஆத்தாளாடி, எல்லாருக்கும் பாடம் எடுக்க?” மாமா சூடத்தட்டோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காது எரிந்தது. நகரவில்லை. “இது மாசமாவே இல்ல. சித்தி நனைய வேண்டாம்.”

சித்தி இருமிக்கொண்டே முந்தானையைப் பிழிந்தாள். பிறகு தலையைத் துவட்டத் தொடங்கினாள். “கல்லே பெறலயாம், நான் எதுக்கு நனையணும்?”

“அப்பப் போடிக்கு ஆள் விட்ருவேன்.”

“விடுங்க அத்த. வாரவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க, மொதல்ல ஒங்க மகன டாக்டர்ட்டக் காட்டச் சொல்லி.”

மணி அடித்ததும் சித்தி கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து கிள்ளப் போனாள். மாலையில் தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்திரையில் போடிப் பெண் வந்தாள். சித்தி திரும்பிப் போகவில்லை.

இப்போது எனக்கு முழுதாகத் தெரியும். கறுப்புக் குழம்பு அடியாழத்திலிருந்து ஏறும்போது, வழியில் இருக்கும் பழம்பாறையைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. அந்த ஆழத்துக்குத் துளைபோட்டு இறங்க யாராலும் முடியாது. அங்கே புதைந்து கிடக்கும் பூமியின் பழைய மேலோடு எப்படிப்பட்டது, எத்தனை வயது என்று சொல்ல அந்தத் துண்டுகள்தான் இருக்கின்றன. அவற்றுக்குள் உள்ள, மணலைவிடச் சிறிய படிகங்களில் வயது தெரிகிறது. மூத்ததுதான். கோடிக்கணக்கான வருஷம் மூத்தது. நான் சொன்னது சரியென்று லயத்தில் இன்றுவரை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம், கல் சொல்லும்.

ஆனால் சித்தி பெட்டியோடு வந்த அன்று மாலை நடந்த ஒன்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, சித்தி என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். கல்லின் பக்கத்தில் யாரும் இல்லை.

“இது எங்கிட்டோ இருந்த எடத்துல இருந்து பேத்துட்டு வந்ததாடி?”

“ஆமா சித்தி.”

“அம்புட்டுச் சூட்டுலயும் உருகலையா?”

நான் மஞ்சளைத் துடைத்துவிட்டு நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கறுப்பு தொட்ட இடத்தில் மட்டும், மெழுகு உருகி ஆறியதுபோல ஒரு வழவழப்பு இருந்தது. “ஓரம் மட்டுந்தான் உருகியிருக்கு. உள்ள அப்படியே இருக்கு.”

சித்தி அந்த வழவழப்பான ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு, “நல்லாப் பாத்துச் சொல்லு, உள்ள அப்படியேவா இருக்கு?” என்றாள்.

நான் மறுபடியும் குனிந்து கல்லைப் பார்த்தேன்.