நீல்ஸைப் பனியில் விட்டுவிட்டு வர முடியாது

வெர்னா பெராலாவிடம் சண்டைக்குப் போகிறவர்கள் கையோடு சாப்பாடும் கட்டிக்கொண்டு போக வேண்டும். சீக்கிரத்தில் முடியாது. மின்னசோட்டாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில் அவள் ஆறாம் வகுப்புக்கு இலக்கியம் எடுக்கிறாள். நான் அங்கே சமையல்காரி. ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவர்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்.

அக்டோபர் வந்தால் எப்போதும் ஒரே நாவல்தான். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போன நீல்ஸ் என்கிற பையன், நின்றிருந்த பனிப்பாளம் பிய்த்துக்கொண்டு போக, ஆளில்லாத தீவில் ஒதுங்குகிறான். தொடங்குகிற நாளன்று பிள்ளைகள் சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் மேசையில் கொட்ட வேண்டும்.

"இவ்வளவுதான் உங்க சொத்து. கடை கிடையாது, ஃபோன் கிடையாது. எப்படிப் பொழைப்பீங்க, சொல்லுங்க பாப்போம்."

"என் தங்கச்சிய வித்துருவேன் டீச்சர்" என்றானாம் ஒருத்தன்.

"தீவுல யாருடா வாங்குவா?"

இப்படி ஆரம்பித்துப் பதினோரு அத்தியாயத்தையும் வகுப்பில் சத்தமாகப் படித்து முடிப்பாள். சோம்பேறிப் பயல்கள்கூட அடுத்து என்ன ஆச்சு என்று சாப்பாட்டு வரிசையில் நின்று பேசிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் அதில் மண் விழுந்தது. மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிற டாரெல் சல்மேலாவின் மகள் பிரின்னா, ஒன்பதாவது அத்தியாயம் படித்த அன்று வீட்டில் போய் அழுதிருக்கிறாள். நீல்ஸ் கால் மரத்துப்போய், பனியில் விழுந்து, அம்மாவைக் கூப்பிடுகிற இடம் அது. பிள்ளை உறைந்து சாகிற கதை பள்ளிக்கூடத்தில் எதற்கு என்று டாரெல் நிர்வாகக் குழுவுக்கு மனு கொடுத்துவிட்டான். குழு ஓட்டெடுப்பு நடத்தும்வரை புத்தகங்களை அலமாரியில் பூட்டச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர்.

வெர்னா நேரே என் அடுப்படிக்கு வந்தாள்.

"நீல்ஸ் பனியில கெடக்கான், லோயிஸ். அவன அப்படியே விட்டுட்டு நான் வேற பாடம் எடுக்கணுமாம்."

"ஒரு வருஷம் விட்டுக்குடேன். குடியா முழுகிரும்?"

"முழுகும். இந்தப் பிள்ளைங்க மனசுல அவன் காலம் பூரா அங்கேயேதான் கெடப்பான். நான் விட்டுட்டு வர மாட்டேன்."

கூட்டம் வியாழக்கிழமை சாயங்காலம், பள்ளி நூலகத்தில். சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. அதையும் மீறி நல்ல கூட்டம். பேச விரும்புகிறவர்கள் வாசலில் பெயர் எழுதினால் ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருவர் பேசியதற்கு மற்றவர் பதில் பேசக் கூடாது. நேரம் முடிந்தால் குழுத் தலைவர் லாயிட் மணி அடிப்பார். டாரெலை நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்று நானும் பெயர் எழுதியிருந்தேன். அவன் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல்.

முதலில் டாரெல். வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சுத் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு எழுந்தான்.

"இதே பள்ளிக்கூடத்துல நானும் இந்தப் புத்தகம் படிச்சவன்தான். அந்தப் பையன் செத்துப் போறான். அத என் மக படிக்க வேணாம். அவ்வளவுதான்."

வெர்னா என் கையை இறுகப் பிடித்தாள்.

"இவன் முடிக்கவே இல்ல, லோயிஸ். கடைசி அத்தியாயம் படிச்ச வாரம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மான் வேட்டைக்குப் போயிட்டாங்க."

எங்கள் ஊரில் வேட்டை வாரத்தில் பாதி பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். பாடம் பாட்டுக்கு ஓடும். டாரெலும் அவனோடு இரட்டையாகப் பிறந்த கீத்தும் அப்பாவோடு காட்டுக்குப் போய்த் திரும்பியபோது வகுப்பு நாவலை முடித்திருந்தது. அந்த டிசம்பரில் ஏரியில் பனி உடைந்து மூழ்கி, கீத் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் மிஞ்சிய பிள்ளையிடம் போய் யார் அந்தப் புத்தகத்தை நீட்டுவார்கள்?

அடுத்து வெர்னா. எழுதிக்கொண்டு வந்த பேச்சை நாற்காலியில் வைத்துவிட்டு, அலமாரிக்குப் போகாத தன் சொந்தப் புத்தகத்தைப் பிரித்து, பத்தாவது அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.

"வெர்னா, மனுவப் பத்திப் பேசணும்" என்றார் லாயிட்.

"மூணு நிமிஷத்துல என்ன பேசணும்னு விதியில இருக்கா?"

லாயிட் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "இல்ல."

"அப்போ கேளுங்க."

நீல்ஸ் முழங்கையை ஊன்றி எழப் பார்க்கிற இடத்தில் மணி அடித்தது. வெர்னா பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். அடுத்த பெயர் என்னுடையது. நறுக்கென்று கேட்க வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, விட்ட இடத்திலிருந்து படித்தேன். எனக்கு வாசிப்பு சுமார்தான். திக்கித் திக்கித்தான் போனேன். மணி அடித்ததும் தபால்காரி கிளாடிஸ் வாங்கிக்கொண்டாள். அவளுக்கப்புறம் பெட்ரோல் பங்க் ஆர்வோ. அவன் தன் மூன்று நிமிடத்தில் நீல்ஸை எழுப்பி நிறுத்தி, கிளையை வெட்டி ஊன்றுகோலும் கொடுத்துவிட்டான். பேச வராதவர்களும் எழுந்து போய் வாசலில் பெயர் எழுதினார்கள்.

ஒரே ஒரு பக்கம் பாக்கி இருந்தபோது ஆள் தீர்ந்துவிட்டது.

"அவ்வளவுதானே? ஓட்டெடுப்புக்குப் போகலாம்" என்றார் லாயிட்.

டாரெல் எழுந்தான். "ஒரு பக்கம் இருக்கு."

"உன் நேரம் முடிஞ்சிருச்சுப்பா."

"மனுவ நான் வாபஸ் வாங்கிக்கிறேன். இனி ஓட்டெடுப்பும் இல்ல, மணியும் இல்ல. அதக் குடுங்க டீச்சர்."

விரலை வரியில் வைத்துப் படித்தான். நீல்ஸ் நொண்டிக்கொண்டே உறைந்த ஏரியைக் கடக்கிறான். விறகுப் புகை வாசனை வருகிறது. கதவைத் தட்டுகிறான். அம்மா திறக்கிறாள். டாரெல் புத்தகத்தை மூடினான், உட்காரவில்லை.

"வேட்டை முகாம்ல நானும் கீத்தும் பந்தயம் கட்டினோம், டீச்சர். நீல்ஸ் பொழைச்சு வந்துருவான்னான் அவன். நான் செத்துருவான்னேன். தோத்தவன் கத்தியக் குடுத்துரணும்னு பேச்சு." புத்தகத்தை வெர்னாவிடம் நீட்டினான். "அவன்தான் ஜெயிச்சிருக்கான்."

நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் அவள் அலமாரியைத் திறந்து, மிச்சத்தை ஒரே மூச்சில் படிக்க ஆரம்பித்தாள். மணி அடித்தது. பிள்ளைகளை வேட்டைக்குக் கூட்டிப்போக வந்த அப்பன்மார் வண்டிகள் வாசலில் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. தலைமையாசிரியர் கதவருகே வந்து கடிகாரத்தைக் காட்டினார்.

"யாரும் எந்திரிக்கக் கூடாது" என்றாள் வெர்னா. "அவன் வீடு வந்து சேரட்டும்."

அடுப்படி ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாரெல் தன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, ஹாரன் அடிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் போய் நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தான்.