வலைப்பந்துக் கோர்ட்டும் என் புது முழங்காலும்

1. முதல் நாள்

ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் காலை என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை வோக்கரோடு வந்து நின்றாள். வார்ட் பிசியோ. பெயர் சந்தமாலி என்றாள். பார்த்தால் எங்கள் பாடசாலையில் ஏ.எல். படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தாள்.

"டீச்சர், எழும்புவோம்."

"எங்கே போக?"

"அந்தக் கதவு வரைக்கும்."

முந்தின நாள்தான் என் இடது முழங்காலைத் திறந்து, தேய்ந்து போன எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்துத் தைத்திருந்தார்கள். தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை கட்டு. இவள் என்னை நடக்கச் சொல்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நன்றாக ஏசினேன். சிங்களத்தில் ஏசினால் விளங்கிவிடும் என்று தமிழில் ஏசினேன். அவள் சிரித்துக்கொண்டே வோக்கரை என் முன்னால் இழுத்து வைத்தாள்.

"ஏசுங்க டீச்சர், பரவால்ல. ஏசிக்கிட்டே நடங்க. எனக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும்."

வெட்கத்தில்தான் எழும்பினேன், வீரத்தில் அல்ல. கதவு வரைக்கும் போய் வந்தபோது உடம்பெல்லாம் வேர்வை. கட்டிலில் என்னைப் படுக்க வைத்துவிட்டு அவள் ஒரே ஒரு விஷயத்தை விரல் நீட்டிச் சொன்னாள். "முழங்காலுக்குக் கீழ தலகாணி வைக்க வேணாம். சுகமா இருக்கும். ஆனா வேணாம்." சரி சரி என்று தலையாட்டினேன்.

நான் கண்டியில் ஒரு முஸ்லிம் மகளிர் பாடசாலையில் பீ.டீ. டீச்சர். வலைப்பந்துதான் எனக்குச் சோறு போட்டது. என் முழங்காலைத் தின்றதும் அதுதான், எங்கள் கோர்ட் கொங்கிரீட். கோர்ட்டில் விழுந்து முழங்கால் தோல் உரிந்து அழுத பிள்ளைகளிடம் "எழும்பு, நோவு போயிடும்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது. அதையே எனக்கு ஒருத்தி சொல்ல வந்தபோது எவ்வளவு கோபம் வந்தது என்பதை, புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற டீச்சர்மார் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

2. அதிபர் திராட்சைப்பழத்தோடு வந்தார்

வீட்டுக்கு வந்த கிழமையே எங்கள் பாடசாலை அதிபர் பார்க்க வந்தார். நல்ல மனிசி, பொய் சொல்லக் கூடாது. ஒரு பை நிறையத் திராட்சைப்பழம் கொண்டு வந்து, துஆ செய்துவிட்டு, எழும்பும்போதுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"டீச்சர், நான் யோசிச்சேன். நீங்க திரும்பி வந்ததும் லைப்ரரிய பாத்துக்கங்க. நிழல், லேசான வேலை. வலைப்பந்த அந்தப் புது டீச்சருக்குக் குடுப்பம். பென்ஷனுக்கும் இன்னும் கொஞ்ச காலம்தானே."

"என்னத்துக்கு மேடம்?"

"உங்க நன்மைக்குத்தான் டீச்சர்."

இந்த 'நன்மைக்குத்தான்' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் காது எரியும். நான் கண்பார்வை போனவள் இல்லை, புத்தி பேதலித்தவள் இல்லை. ஒரு மூட்டு தேய்ந்தது, அதையும் மாற்றியாகிவிட்டது. மிச்சம் இருக்கிற காலத்தை அலுமாரிக்குப் பூட்டுப் போட்டுத் திறந்துகொண்டு கழிக்க நான் தயாரில்லை.

"மேடம், நான் கோர்ட்டுக்குத்தான் வருவேன். நின்டு அம்பயர் பண்ணுவேன். ஏலாட்டி நானே வந்து ஏலாண்டு சொல்றேன்."

"அல்லாஹ் லேசாக்கட்டும்" என்றுவிட்டுப் போனார். அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அடுத்த தவணைப் பரீட்சைக்குப் பிறகு பாடசாலை இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி. அதற்குள் நான் கோர்ட்டில் நிற்காவிட்டால், விசில் நிரந்தரமாகக் கைமாறிவிடும்.

3. சிவகரன்

பேராதனை ரோட்டில் ஒரு பிசியோ கிளினிக். அங்கே என்னைப் பார்த்தவர் சிவகரன், யாழ்ப்பாணத்துப் பக்கம். ஆம்பிளையிடமா போகிறாய் என்று கேட்டவர்களுக்கு, வைத்தியத்துக்கு வைத்தியரிடம் போகிறேன் என்று பதில் சொன்னேன். கூட்டிப் போன என் புருஷன் பக்கத்திலேயே பேப்பர் பார்த்துக்கொண்டு இருப்பார்.

முதல் நாளே சிவகரனிடம் சொன்னேன், நான் அம்பயர் பண்ண வேண்டும் என்று. அவர் கோணமானியைக் காலில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் டீச்சர் இந்த வயசில இதெல்லாம்? நடந்து திரிஞ்சாக் காணாதே?"

"தம்பி, உங்களுக்கு நாளைக்குக் கையில ஒரு ஆப்பரேஷன் நடந்து, இனி ரிசப்ஷன்ல இருந்து நம்பர் கூப்பிடுங்கண்டு சொன்னா நீங்க போவீங்களா?"

என் புருஷன் பேப்பரை மடித்துவிட்டார். சிவகரன் என் காலிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "ஓம், பிழைதான். அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். "அம்பயர் என்ன செய்யிறவ எண்டு எனக்குத் தெரியாது. செய்து காட்டுங்கோ."

வோக்கரைப் பிடித்தபடியே காட்டினேன். கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். பந்து போகிற பக்கம் நாங்களும் போக வேண்டும். முதுகைத் திருப்பக் கூடாது, கண் எப்போதும் பந்து வைத்திருக்கிற பிள்ளையின் காலில் இருக்க வேண்டும்; பந்தோடு கால் மாற்றி வைத்தால் ஸ்டெப்பிங், அது பிழை. அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"ஓடுறதை மறந்திடுங்கோ. பாயிறதையும் மறந்திடுங்கோ. அது உங்கட டொக்டரும் சொல்லுவார். ஆனா பக்கவாட்டா சைட் ஸ்டெப், கெதியா நடக்கிறது, இது ரெண்டும் பழக்கலாம். அதுக்கு முதல் இந்தக் கால் வடிவா நேரா நீளவேணும். மடங்கின காலோட சைட் ஸ்டெப் வைச்சா விழுவியள். நீட்டித் தாங்கோ, நான் கோர்ட்டுக்கு அனுப்பிறன்."

இந்தப் பேரம் எனக்குப் பிடித்தது. ஏலாது என்று மொட்டையாகச் சொல்லாமல், இது ஏலும், இது ஏலாது என்று பிரித்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

4. தலையணை

என் புருஷனின் மூத்த சகோதரி, எனக்கு மதினி, பிலிமத்தலாவையிலிருந்து எனக்குப் பணிவிடை செய்யவென்றே வந்திருந்தார். சமையல் அவர். என் உடுப்புக் கழுவுவது அவர். என் கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே பாய் போட்டுத்தான் படுப்பார். விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்து என் முழங்காலில் ஓதி ஊதுவார். ஊதிவிட்டு, தன் தலையணையை எடுத்து என் முழங்காலுக்குக் கீழே வைப்பார்.

"இப்பிடித் தூக்கி வெச்சாத்தான் புள்ள நீர் வத்தும். நோவு எப்பிடி ஈக்கிது?"

நோவு பறந்துவிடும், உண்மையைச் சொல்கிறேன். மடங்கிய முழங்காலுக்கு அந்தத் தலையணை சொர்க்கம். சந்தமாலி சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஒன்றிரண்டு தரம் மெதுவாகத் தள்ளிவிட்டேன். மதினி மறுபடியும் வைத்தார். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களும் ஆளுக்கு ஒருமுறை அந்தத் தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு நோயாளியின் உடம்புக்குக் கீழே எதையாவது செருகாவிட்டால் அன்பு காட்டின மாதிரியே இருக்காது.

அதிபரை எதிர்த்துப் பேச எனக்கு ஏலும். கல்விக் கந்தோர் அதிகாரிகளோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் தன் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வந்து தரையில் படுக்கிற மனிசியிடம், தலையணையை எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிவகரன் இரண்டு கிழமை கோணமானி வைத்துப் பார்த்தார். மடங்குவது கூடியிருந்தது. நீளுவது அப்படியே நின்றது. மூன்றாம் தடவை கோணமானியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"டீச்சர், முழங்காலுக்குக் கீழ தலகாணி வைக்கிறியளோ?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் புருஷன், "வைக்கிறாங்க" என்றார்.

"அப்ப இஞ்ச வந்து என்ன பிரயோசனம்? இப்பிடியே இறுகினால் திருப்பியும் மயக்கம் தந்துதான் நிமித்த வேண்டி வரும். சைட் ஸ்டெப்பைப் பற்றி என்னோட கதைக்காதேங்கோ." அந்த மனிசன் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

5. சண்டை

வீட்டுக்கு வந்து படுத்தேன். மதினி தலையணையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"வேணா மதினி. இனி வைக்க வேணா. கால் கோணலாவே இறுகுதாம்."

"அவன் சின்னப் பொடியன், அவனுக்கு என்ன தெரியும்? நோவ நீதானே தாங்குற."

"வெச்சா என்னால கோர்ட்டுக்குப் போக ஏலாமப் போகும்."

"கோர்ட்டா? ஒனக்கு இனி என்ன புள்ள கோர்ட்டு? பேரப்புள்ளைகளப் பாத்துக்கிட்டு ஊட்டோட இரி."

அதிபர் சொன்னபோது வந்த கோபத்தை விட இதற்கு வந்த கோபம் பெரிது. அவர் பாசத்தோடு சொன்னார், அதுதான் காரணம். அந்தத் தலையணையைப் பிடுங்கி எறிந்தேன். அது கண்ணாடி அலுமாரியில் பட்டு விழுந்தது.

"எனக்கு இனி என்ன இருக்குண்டு நீங்க சொல்ல வேணா மதினி. இந்த ஊட்டுல என் காலைத் தொடுறதா இருந்தா நான் சொல்ற மாதிரித் தொடுங்க. இல்லாட்டி தொடாதீங்க."

மதினி முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, பின்னேர பஸ்ஸில் போய்விட்டார். இரவு என் புருஷன் ஆக்கிய சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. அதைத்தான் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு டெலிபோன் ஓயவில்லை. கொழுந்தன் கேட்டார், "டீச்சருக்குக் காலை மட்டுமா மாத்தின, நாக்கையும் மாத்திட்டாங்களா?" நான் சொன்னேன், "நாக்கு பழசுதான். இப்பதான் ஒழுங்காப் பாவிக்கிறேன்."

வாய் அப்படிப் பேசியதே தவிர மனசு ஆறவில்லை. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. சிவகரன் காட்டினபடி, குளிக்கிற துவாயைச் சுருட்டிக் குதிங்காலுக்குக் கீழே வைப்பேன். முழங்கால் அந்தரத்தில் தொங்கும். தொடையை இறுக்கி அதைக் கட்டிலை நோக்கி அமுக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன்.

ஒரு கிழமை போனது. ஒருநாள் காலையில் மதினி சொல்லாமல் கொள்ளாமல் வந்து குசினிக்குள் போனார். சட்டிபானையை உருட்டிவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"என் தம்பி சொன்னான், இப்ப துவாய் வெக்கிறியாம். அத எங்க வெக்கணும்?"

குதிங்காலைக் காட்டினேன். வைத்தார். முழங்கால் தொங்கி நடுங்குவதைப் பார்க்க ஏலாமல் முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன்.

"அழுவாத. நீதானே கேட்டது" என்றார். அப்புறம் அவர் சிவகரனை விட மோசம். பின்னேரம் அசர் பாங்கு சொன்னால் துவாயோடு வந்து நிற்பார்.

6. கோர்ட்

கால் நீண்டது. முழுசாக என்று சொல்லமாட்டேன், சிவகரன் திருப்திப்படும் அளவுக்கு நீண்டது. அவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கிளினிக் தரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டார். தொடையில் ரப்பர் பட்டியை மாட்டி, கோட்டோரம் பக்கவாட்டில் நடக்கவிட்டார். நான் குனிந்து என் காலையே பார்த்து நடந்தேன். "உங்கட காலைப் பாக்கிற வேலை என்ர. நீங்கள் பந்தைப் பாருங்கோ" என்றார். தோள்பட்டைக்கு வந்திருந்த ஒரு ஐயாவின் கையில் பந்தைக் கொடுத்து எறியச் சொன்னார். ஐயாவுக்கும் அது எக்சர்சைஸ்தான். ஆப்பரேஷன் செய்த டொக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஓடாவிட்டால் சரி என்றார்.

இல்லப் போட்டியன்று கோர்ட்டுக்குப் போனேன். கோட்டுக்குப் பக்கத்தில், நிழலில், ஒரு கதிரை போட்டிருந்தது. அதிபர் போடச் சொன்னதாம்.

"டீச்சர், இருந்துகிட்டே ஊதுங்க. யாரும் ஒன்டும் சொல்ல மாட்டாங்க."

"இருந்தா பிள்ளைட கால் தெரியாது மேடம். கால் தெரியாம நான் எதுக்கு ஊதுற?"

விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோட்டுக்குப் போனேன். முதல் பாதி நன்றாகப் போனது. சைட் ஸ்டெப், வேக நடை, சைட் ஸ்டெப். கால் நொந்தது, ஆனால் தாங்கியது. நோவு இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இளம் டீச்சர்மாருக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பிசியோ நோகப் பண்ணினால் ஏன் என்று கேளுங்கள், காரணம் சொன்னால் தாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஓய்வெடு என்றாலும் ஏன் என்று கேளுங்கள். அவர்கள் பாசத்தோடு சொன்னாலும் கேளுங்கள்.

இரண்டாம் பாதியில் ஒரு நீளப் பாஸ் மூலைக்குப் போனது. முன்னைய நான் என்றால் ஓடிப் போயிருப்பேன். இப்போது கொஞ்சம் பிந்திவிட்டேன். பிள்ளை பந்தோடு கால் மாற்றினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்கு நான் ஊதுவதில்லை. ஆட்டம் தொடர்ந்தது, கோல் விழுந்தது. மறு இல்லத்துப் பிள்ளையின் உம்மா ஒருவர் எழும்பி நின்று கத்தினார்.

"ஸ்டெப்பிங்! இந்த அம்பயருக்குக் கண் தெரியாதா?"

அதிபர் பதறிப்போய் அந்த உம்மாவை அடக்க எழும்பினார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். இவ்வளவு காலமும் தோற்கிற பக்கத்தவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விதான் இது. நொண்டிக் கால் என்று சொல்லவில்லை, பாவம் ஆப்பரேஷன் செய்த மனிசி என்று சொல்லவில்லை. மற்ற அம்பயர்மாருக்குக் கிடைக்கிற அதே ஏச்சு எனக்கும் கிடைத்தது. எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"கண் நல்லாத் தெரியும்" என்றேன். "நீங்க ஏன் நின்டு கஷ்டப்படுறீங்க? அந்தக் கதிரை சும்மாதான் ஈக்கிது, வந்து இருங்க."

பந்தை வாங்கி சென்டர் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு விசிலை ஊதினேன்.