இறக்கைக்குள்ளிருந்து பதில்

யாராவது கதவைத் தட்டினால், திறப்பதற்கு முன் உள்ளேயிருந்து திருப்பித் தட்டுவது சுண்டெலியின் வழக்கம். அக்கம்பக்கத்தார் பல வருஷமாகப் பார்த்துச் சிரித்த வழக்கம். வேண்டியவர் என்றால் ஒரு தட்டு. இன்ஷூரன்ஸ்காரர் என்றால் மூன்று. கணவர் போன பிறகு யார் வந்தாலும் இரண்டுதான்.

“உள்ள இருக்கறவங்களே தட்டினா நான் யாரைக் கூப்பிடறது?” என்று தபால்காரர் அலுத்துக்கொள்வார்.

சுண்டெலி என்பது பட்டறை வைத்த பெயர். பழைய போர் விமானங்களில் அரித்துப்போன தகடுகளை மாற்றிக் காட்சிக்குத் தயார்செய்யும் பட்டறை. இறக்கைக்குள் நுழையும் அளவுக்கு ஒடிசலான உடம்பு அங்கே அவளுக்குத்தான் இருந்தது. வெளியே அவள் கணவர் காற்றுச் சுத்தியலை, தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணியின் தலையில் வைத்து அடிப்பார். உள்ளே அவள் மல்லாந்து படுத்து, அதன் வாலுக்கு இரும்புக்கட்டையை முட்டுக்கொடுப்பாள். வால் நசுங்கிப் பொத்தான்போல் பரவினால் தகடு பிடித்துக்கொள்ளும். வெளியே நிற்கும் அவருக்கு அது தெரியாது. அவள்தான் சொல்லவேண்டும். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, அதனால் தட்டு. ஒன்று என்றால் சரி, அடுத்ததற்கு நகரலாம். இரண்டு என்றால் இன்னொரு முறை அடி. மூன்று என்றால் கோணிவிட்டது, துளைத்து எடு.

முதல்நாள் உள்ளே ஊர்ந்தபோது பழைய பச்சைப் பூச்சில் ஐந்து விரல்களின் தடம் கண்டாள். பூச்சு காய்வதற்குள் கைவைத்த, போர்க்காலத்து யாரோ. அவள் கையைவிடச் சின்னக் கை. அந்த இடத்தில் மட்டும் அவள் முழங்கையை ஊன்றியதே இல்லை.

“உள்ள இன்னொருத்தி இருக்கா,” என்றாள் கணவரிடம்.

“அப்போ எனக்கு ரெண்டு பொண்டாட்டியா?”

சுத்தியல் சிறுகச் சிறுக அவர் காதைத் தின்றது. பிறகு உள்ளங்கையைத் தகட்டில் பதித்துத்தான் அவள் தட்டை வாங்கிக்கொண்டார். வீட்டிலும் அதே பாஷை. மேஜையில் விரல்களால் படபடவென்று அடித்துவிட்டு உள்ளங்கையை வைப்பார். சட்டை பொருந்துகிறதா, கோபம் தீர்ந்ததா, எல்லாக் கேள்விக்கும் அதுதான். அவள் தட்டிப் பதில் சொல்வாள்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மத்தியானம், கண்ணைத் திறக்காமலே கட்டில் கம்பியில் படபடவென்று அடித்தார். உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார். எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இரண்டு தட்டினாள். மறுபடி அடித்தார், மெதுவாக. மறுபடி இரண்டு. அடுத்த முறை ஒரு விரல்தான் அசைந்தது. அதற்கும் இரண்டு. பிறகு கம்பி சும்மா இருந்தது.

“ஏண்டி பாவி, எல்லாம் சரிதானேன்னு கேட்டுட்டுப் போக நினைச்சிருக்காரு மனுஷன்,” என்றாள் அவள் அக்கா. “ஒரு தட்டு தட்டி அனுப்பக் கூடாதா?”

“ஒண்ணு தட்டினா நகர்ந்துடுவாருக்கா.”

“இப்ப மட்டும் நகராமலா இருக்காரு?”



இப்போதும் தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்துப் படபடக்கும்போது, கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து சுவரில் உள்ளங்கையை வைக்கிறாள். சத்தம் நின்றபிறகு சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கைவைத்துக் காத்திருப்பதுபோலவே இருக்கிறது. அத்தனை வருஷ வாழ்க்கைக்கு அவர் கேட்டது ஒரு தட்டு. அது இன்னும் பாக்கி. இன்றைக்குக் கொடுத்துவிடலாம் என்று விரலை மடக்கி ஒன்று தட்டுகிறாள். கையை எடுப்பதற்குள் அது தானாக இன்னொன்றையும் தட்டிவிடுகிறது.